வைப்பர் பிளேடு மாற்றும்போது நேரும் தவறுகள்

வைப்பர் பிளேடு மாற்றுவது பத்து நிமிட வேலை. பெரும்பாலான கார்களில் ஸ்குரூடிரைவர்கூடத் தேவைப்படாது. ஆனால் சில நூறு ரூபாய் பிளேடை மாற்றப்போய், பல ஆயிரம் ரூபாய் முன் கண்ணாடியை உடைத்துக்கொள்பவர்களும் உண்டு. வேலை செய்பவரின் கவனம் முழுவதும் பிளேடின் மீதே இருப்பதும், அதைத் தாங்கும் ஆர்மையும் அது தேய்க்கும் கண்ணாடியையும் அவர் மறந்துவிடுவதும்தான் இதற்குக் காரணம்.

பிளேடைக் கழற்றியதும் ஆர்மின் நுனியில் வெறும் இரும்புக் கொக்கி மட்டுமே மிஞ்சும். ஆர்மின் அடியிலுள்ள வலுவான ஸ்பிரிங் அதை எப்போதும் கண்ணாடியை நோக்கி இழுத்துக்கொண்டே இருப்பதால், புதிய பிளேடின் அட்டையைப் பிரிக்கத் திரும்பும் நேரத்தில் முழங்கை பட்டாலோ காற்று பலமாக அடித்தாலோ, அந்தக் கொக்கி சுத்தியலைப் போல் கண்ணாடியில் இறங்கிவிடும். இந்தியாவில் முழுக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்குக் கண்ணாடியின் விலையில் தேய்மானம் கழிக்கப்படுவதில்லை என்பது ஆறுதல்தான். ஆனால் இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸுக்குத் தனியாகப் பாதுகாப்பு எடுத்திராவிட்டால், அந்த ஒரு கோரிக்கையோடு அது போய்விடும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள புதிய கார்களில், கண்ணாடியை மாற்றிய பின் அந்தக் கேமராவைச் சீரமைக்கும் செலவும் சேரும். ஆகவே, ஆர்மைத் தூக்குவதற்கு முன்பே புதிய பிளேடை அட்டையிலிருந்து எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, நான்காக மடித்த தடித்த துண்டு ஒன்றைக் கண்ணாடியின் மீது விரித்துவிட வேண்டும். ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுவது நல்லது.

வண்டியை அணைத்துச் சாவியை எடுத்துவிடுவதும், வைப்பர் லீவரை ஆஃப் நிலையில் வைப்பதும் அடுத்த முன்னெச்சரிக்கை. மழையை உணர்ந்து தானே இயங்கும் வைப்பர் ஆட்டோ நிலையில் இருக்கும்போது யாராவது இக்னிஷனைப் போட்டுவிட்டால், கை வைத்திருப்பவரின் விரலுக்கு ஆபத்து. சில கார்களில் ஆர்மின் அடிப்பகுதி பானெட்டின் விளிம்புக்குக் கீழே மறைந்திருக்கும். அதை அப்படியே தூக்க முயன்றால் பானெட்டின் பெயிண்ட் உரிந்துவிடும். அத்தகைய கார்களில் வைப்பரைச் சர்வீஸ் நிலைக்கு, அதாவது ஆர்மைத் தடையின்றித் தூக்கக்கூடிய இடத்துக்கு, கொண்டுவரும் முறையைக் கையேட்டில் பார்த்துச் செய்ய வேண்டுமே தவிர, ஆர்மைக் கையால் வலுக்கட்டாயமாகத் தள்ளக் கூடாது. தூக்கிய ஆர்மை மறந்துவிட்டுப் பானெட்டைத் திறப்பதும் இதே கீறலில்தான் முடியும்.

இரண்டு பிளேடுகளும் ஒரே நீளம் என்று எண்ணி வாங்குவது கடைகளில் அன்றாடம் காணும் தவறு. ஓட்டுநர் பக்கம் 24 அங்குலமும் மறுபக்கம் 16 அங்குலமும் கொண்ட கார்கள் உண்டு. நீளம் கூடிய பிளேடு கண்ணாடியின் ஓரத்திலுள்ள கார் தூணில் இடிக்கலாம் அல்லது அடுத்த பிளேடோடு மோதலாம். குறைந்தால், துடைபடாத பட்டை ஒன்று பார்வைக்கு நேராகவே நின்றுவிடும். பழைய பிளேடை அளந்துகொண்டு போவது போதும் என்று நினைப்போரும் உண்டு. பழைய கார் வாங்கியவர்கள் அதை நம்ப வேண்டாம், முந்தைய உரிமையாளரே தவறான அளவைப் போட்டிருக்கலாம்.

கழற்றும் திசையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நம் ஊர்க் கார்களில் பரவலாக உள்ள வளைந்த கொக்கி வகையில், ஆர்மைத் தூக்கி, பிளேடை அதற்குக் குறுக்காகத் திருப்பி, நடுவிலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை அழுத்தியபடி, பிளேடை ஆர்மின் அடிப்பக்கம் நோக்கித் தள்ள வேண்டும். அப்போது கொக்கி தானாக விடுபடும். மேல்நோக்கி எவ்வளவு இழுத்தாலும் வராது, கிளிப்தான் உடையும். புதியதைப் பொருத்தும்போது கொக்கியைத் துளைக்குள் நுழைத்து, டக் என்ற ஒலி கேட்கும்வரை எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். அந்த ஒலி கேட்காவிட்டால், பொருந்தியதாகத் தோன்றினாலும் நம்பக் கூடாது. நெடுஞ்சாலையில் கொட்டும் மழையில் பிளேடு கழன்று பறந்தால், அடுத்த வீச்சிலேயே வெறும் ஆர்ம் கண்ணாடியைக் கிழிக்கத் தொடங்கிவிடும். கொக்கி அல்லாத வேறு இணைப்புகளுக்குப் பெட்டிக்குள் அடாப்டர்கள் இருக்கும். உங்கள் ஆர்முக்குரிய அடாப்டர் இல்லையென்றால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள், கம்பியை வளைத்துச் சமாளிக்க வேண்டாம். புதிய பிளேடின் ரப்பர் விளிம்பில் பிளாஸ்டிக் உறை இருந்தால் அதை உருவிவிட வேண்டும். உறையோடு ஓட்டிவிட்டுப் பிளேடு மட்டம் என்று குறை சொல்வோர் உண்டு.

ரப்பரை மட்டும் மாற்றுவது மலிவு. உலோகச் சட்ட வகைப் பிளேடுகளில் அது சரியான வழியும்கூட. ஆனால் பழைய ரப்பரின் இருபுறமும் உள்ள மெல்லிய எஃகுப் பட்டைகளை, அவற்றின் வளைவும் வெட்டுப்பள்ளமும் மாறாமல் புதிய ரப்பரில் செருக வேண்டும். வளைவு தலைகீழானால் கண்ணாடியின் நடுவிலோ ஓரங்களிலோ ரப்பர் சரியாகப் படியாது.

ரப்பர் இறுகிவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவுவது, மண்ணெண்ணெயில் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பது ஆகிய மூன்று வைத்தியங்களும் பயனற்றவை. எண்ணெய்ப் படலம் இரவில் எதிர்வண்டியின் விளக்கொளியைக் கண்ணாடி முழுதும் பரப்பிவிடும். மண்ணெண்ணெய் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். உப்புத்தாள் கூரான விளிம்பையும் அதன் மேற்பூச்சையும் அழித்துவிடும். கோடை வெயிலில் காய்ந்து வெடித்த ரப்பரை எதுவும் மீட்காது. 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கமான பரிந்துரை. தமிழ்நாட்டில் புரட்டாசிக்குள் மாற்றிவிட்டால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிளேடு புதிதாகவே இருக்கும்.

புதிய பிளேடு போட்ட பிறகும் கோடு விழுகிறதென்றால் முதலில் கண்ணாடியைத்தான் சந்தேகிக்க வேண்டும். மரத்தடியில் நிறுத்திய வண்டியில் படிந்த பிசினும், வாட்டர் சர்வீஸில் பூசிய மெழுகும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. கார் ஷாம்பூவால் கண்ணாடியை நன்கு கழுவித் துடைத்துவிட்டு, வாஷர் தண்ணீரைப் பீய்ச்சிய பிறகே வைப்பரை இயக்கிப் பாருங்கள். உலர்ந்த தூசியின் மீது ஓட்டினால் மணல் துகள்கள் புதிய ரப்பரின் விளிம்பை முதல் நாளே தின்றுவிடும். கண்ணாடி சுத்தமாக இருந்தும் ஒரு திசையில் மட்டும் பிளேடு துள்ளிக்கொண்டு சென்றால், பெரும்பாலும் ஆர்ம் சற்று முறுகியிருக்கிறது என்று பொருள். அந்நிலையில் ரப்பர் கண்ணாடிக்குச் செங்குத்தாக நில்லாமல், திரும்பும்போது மறுபக்கம் சாய முடியாமல் இழுபடுகிறது. அதைச் சரியான கோணத்துக்குக் கொண்டுவருவது மெக்கானிக்கின் வேலை. வீட்டில் குறடு கொண்டு திருகிப் பார்க்க வேண்டாம்.