கல்லு இருக்கு, அது எந்த ஊர்னு கேட்டா முழிக்கிறோம்

நம்ம டெல்டால எங்க தோண்டினாலும் வண்டலும் மணலும்தான், அம்மிக்கல்லே வெளியூர்லேருந்துதான் வரணும். அதனால கும்பகோணத்துல ஒருத்தர் வீட்டு அலமாரில கனிமக் கல்லு இருக்குன்னா அது எங்கேருந்தோ வந்தது, எங்கேருந்துங்கிற சீட்டு போச்சுன்னா அது வெறும் பேப்பர் வெயிட்.

ஊர் பேரைச் சுருக்கி எழுதுறதுதான் பெரிய தப்பு, நானே பண்ணேன். பெரம்பலூர் மாவட்டத்துல காரைன்னு ஒரு ஊரு, அங்க களிமண்ணுக்குள்ள ஜிப்சம் தகடு தகடா பளபளன்னு கிடக்கும் (வயலுக்குப் போடுறோமே, அதே சரக்குதான்), ஒண்ண எடுத்துட்டு வந்து "ஜிப்சம், காரை"ன்னு எழுதி வச்சிட்டேன். மாயவரத்துலேருந்து வந்த சித்தப்பா பாத்துட்டு, "ஏண்டா, காரைக்கால் பீச்சுல இதெல்லாம் கிடைக்குதா?"ங்குறார். காரைக்குடிக்காரங்களைக் கேட்டா அவங்க ஊரும் காரைதான்! ஊரு, தாலுகா, மாவட்டம், ஓடையா ரோட்டோரமா, ஜிபிஎஸ் நம்பர், எடுத்த தேதி எல்லாம் அன்னிக்கே எழுதிடணும், வீட்டுக்குப் போய் எழுதிக்கலாம்னா மறந்துடும்.

தேதி எதுக்குன்னா மாவட்டம் மாறிக்கிட்டே இருக்கும். அதே காரை 1995க்கு முன்னாடி திருச்சி மாவட்டம். அரியலூரை 2001ல தனியா பிரிச்சாங்க, அடுத்த வருஷமே பெரம்பலூரோட சேத்தாங்க, 2007ல மறுபடி பிரிச்சாங்க. பழைய சீட்டுல "திருச்சி ஜில்லா"ன்னு இருந்தா தப்புன்னு கிழிச்சுப் போட்றாதீங்க, புதுசு ஒண்ணு எழுதி அதோட சேத்து வைங்க.

டப்பால மட்டும் பேர் ஒட்டுறது அடுத்த தப்பு. ஆயுத பூஜைக்கு வீட்ல தொடைக்கிறேன்னு எல்லாத்தையும் கீழ எறக்கினாங்கன்னா எந்தக் கல்லு எந்த டப்பான்னு யாருக்குத் தெரியும்? கல்லோட அடில ஒரு பொட்டு வெள்ளை பெயிண்ட், காஞ்சதும் இந்தியன் இங்க்ல (தண்ணி பட்டாலும் அழியாத கறுப்பு மை) நம்பர், மேல கலர் இல்லாத நெயில் பாலிஷ், அதே நம்பர் நோட்டுலயும். ஜிப்சத்துல வேணாம், நகம் பட்டாலே கீறல் விழும், அதைத் தனி டப்பால போட்டு உள்ளேயே சீட்டு வைங்க.

கல்லு வாங்கின கடை பில்லையே சீட்டா அப்படியே வச்சா எழுத்து மங்கிடும், நம்ம ஐப்பசி ஈரத்துக்கு ராமபாணப் பூச்சி வேற. பென்சில்ல காப்பி எடுத்துக்கோங்க.

காசு குடுத்து வாங்கினதை நாமளே எடுத்த மாதிரி எழுதாதீங்க, "கடைக்காரர் சொன்னது"ன்னு போடுங்க. சந்தேகமா, கேள்விக்குறி போடுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. என்கிட்ட ஒரு குவார்ட்ஸ் "சேலம்?"னு சீட்டோடதான் பத்து வருஷமா உக்காந்திருக்கு.