மூல வரியைக் கேட்ட பிறகுதான் சரியானது

2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தது. அப்போதைய நிவாரண அறிக்கைகளையும் ஊர்க்காரர்களின் மனுக்களையும் ஒரு மொழி மாதிரியிடம் (எழுத்தைப் படித்துப் பதில் தரும் செயற்கை நுண்ணறிவு) கொடுத்து, யாருக்கு என்ன இழப்பு என்று தொகுக்கப் பார்த்தேன். பட்டியல் அழகாக வந்தது. திருத்துறைப்பூண்டி பக்கத்து மனு ஒன்றோடு ஒப்பிட்டபோதுதான் பதறிப்போனேன். ‘ஆறு மாவும் போச்சு’ என்று ஒரு விவசாயி எழுதியது, ‘ஆறு மாமரங்கள் சேதம்’ என்று ஆகியிருந்தது. நம் பக்கம் மூன்று மா ஓர் ஏக்கர். அவருடைய இரண்டு ஏக்கர் நெல் கணக்கிலேயே இல்லை.

சரி, என்ன செய்தேன்? மா, குழி, வேலி என்று நில அளவுகளுக்கு ஒரு சின்ன அகராதி எழுதி, ஒவ்வொரு கேள்வியோடும் சேர்த்தேன். அப்புறம், எந்தத் தகவல் சொன்னாலும் மூல வரியை எழுத்து மாறாமல், பக்க எண்ணோடு தரச் சொன்னேன். இல்லையென்றால் ‘இல்லை’ என்றே சொல்லலாம் என்றும் சேர்த்தேன். அந்த வரி ஆவணத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு பைத்தான் நிரல் தேடும்; கிடைக்காததைத் தள்ளிவிடும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்த கோப்புகளை முதலில் யூனிகோடு என்ற பொதுக் குறிமுறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் தேடலே நடக்காது.

இந்தச் சோதனை கற்பனை வரிகளைத்தான் பிடிக்கும். வரி சரியாக இருந்து பொருள் தவறினால் மனிதக் கண்தான் வேண்டும். அதனால் இழப்பீடு சம்பந்தப்பட்ட ஒவ்வொரு வரியையும் இப்போது நானே படிக்கிறேன்.