பாதியில் நின்ற கோப்பை மறுபடி இறக்க வேண்டாம்

கானாடுகாத்தானில் ஐயா வீட்டுப் பழைய கணக்கேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் தன் சர்வரில் வைத்திருக்கிறான். மொத்தம் 40 ஜிபி. வேறொரு கணினியிலிருந்து கோப்புகளை நகலெடுக்கும் எஸ்சிபி (scp) கட்டளையில் இறக்கினேன். முகப்பில் கிடைக்கும் வைஃபை வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டை எட்டாது, சுவரின் கனம் அப்படி. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதும் இணைப்பு அறுந்தது. அப்போது 31 ஜிபி வந்திருந்தது. மறுபடி கட்டளை கொடுத்தால் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறது!

இதற்கு ஆர்சிங்க் (rsync) என்ற இன்னொரு நகலெடுக்கும் கட்டளைதான் சரி. அதுவும் எஸ்சிபியைப் போல, தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்ஹெச் (ssh) வழியாகவே போவதால் தரவு மறையாக்கப்பட்டே வரும். இரு பக்கமும் அது நிறுவப்பட்டிருக்க வேண்டும். கட்டளையோடு சின்ன ஏ (-a), பெரிய பி (-P) என்ற தெரிவுகள் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். அறுந்தால் அதே கட்டளையை மீண்டும் இயக்கினால் போதும். வந்து சேர்ந்ததை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் இறக்கும்.

சர்வரிலுள்ள கோப்புறையின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளிருப்பவை மட்டும் வந்து கொட்டும். போடாவிட்டால் கோப்புறையோடு வரும். நான் போட்டுவிட்டு, டெஸ்க்டாப் முழுவதும் கணக்கேடு சிதறிக் கிடந்ததைப் பார்த்து விழித்தேன்.

சர்வர் இணைப்பை ஏற்கும் வாசலின் எண், அதாவது போர்ட் எண், வழக்கமான 22 இல்லையென்றால் அதைக் குறிப்பிட எஸ்எஸ்ஹெச்சுக்குச் சின்ன பி (-p), எஸ்சிபிக்குப் பெரிய பி (-P). யார் செய்த வேலையோ! எஸ்எஸ்ஹெச்சின் அமைப்புகள் இருக்கும் கன்ஃபிக் கோப்பில் அந்த எண்ணை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் மூன்றுமே அதைப் படித்துக்கொள்ளும்.

முதல் இணைப்பில், அது சரியான சர்வர்தானா என்று பார்க்க, சர்வரின் கைரேகை என ஒரு நீண்ட எழுத்துவரிசையைக் காட்டிச் சம்மதம் கேட்கும். உடனே சம்மதிக்காதீர்கள். தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, அவன் படிக்கப் படிக்க ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சம்மதித்தேன்.