கியூஜிஐஎஸ் திறக்கவில்லையா? மறுபடி நிறுவும் முன் இதைப் பாருங்கள்

வரைபடம் தயாரிக்கும் மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் (QGIS) கன்னியாகுமரி மாவட்டத் தோவாளை வட்டத்துக் குளங்களை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருந்தேன். ஐப்பசி மழை, இடி, கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் கியூஜிஐஎஸ் ஐகானை அழுத்தினேன். தொடக்கப் படம் வந்தது, அதோடு நின்றது. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். அதே இடத்தில்தான் நின்றது. இன்னொரு முறை நிறுவியும் அப்படியேதான்.

காரணம் பிறகு புரிந்தது. கியூஜிஐஎஸ்ஸை நீக்கினாலும், நம் அமைப்புகளும் பிளகின்களும் (கூடுதல் வசதிக்காக நாம் சேர்க்கும் துணை நிரல்கள்) இருக்கும் ஃபோல்டர் கணினியிலேயே தங்கிவிடும். புதிதாக நிறுவியதும் அதே பழைய ஃபோல்டரைத்தான் படிக்கும். கோளாறு அங்கே இருந்தால் பத்து முறை நிறுவினாலும் பயனில்லை. அதனால் மறுபடி நிறுவுவதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

பயப்படவும் வேண்டாம். நீங்கள் வரைந்த குளம், கால்வாய், ஏலா (வயல்வெளி) எதுவும் மென்பொருளுக்குள் இல்லை. ஷேப்ஃபைல், ஜியோபேக்கேஜ் என்ற வரைபடக் கோப்புகளாக நீங்கள் சேமித்த இடத்தில் அப்படியே இருக்கும். கோப்பாகச் சேமிக்காத தற்காலிக அடுக்கில் (லேயரில்) வரைந்ததும், கடைசியாகச் சேமித்த பிறகு செய்த திருத்தங்களும் மட்டும் போய்விடும். அவற்றை மீட்க வழியில்லை.

இனி வரிசையாகப் பார்ப்போம். நான் சொல்வது விண்டோஸ் கணினிக்கு.

முதலில் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்

ஐகானை ஒரு முறை அழுத்திவிட்டு இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும். பொறுமை இழந்து நான்கைந்து முறை அழுத்தியிருந்தால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதில் தெரியும் கியூஜிஐஎஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். தொடக்கப் படத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடும். எந்த வரியில் நிற்கிறதோ அதை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கோளாறை அந்த வரியே காட்டிக்கொடுத்துவிடும்.

நிறுவவே முடியவில்லை என்றால், உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். இப்போது வரும் கியூஜிஐஎஸ் 64 பிட்டில் மட்டும்தான் ஓடும்.

பிளகின் இல்லாமல் திறந்து பாருங்கள்

டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட்டை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். டார்கெட் என்ற பெட்டியில் ஒரு நீள வரி இருக்கும். அதன் கடைசியில், மேற்கோள் குறி இருந்தால் அதற்கும் வெளியே, ஓர் இடைவெளி விடுங்கள். பிறகு இரண்டு சிறு கோடு போட்டு, அதை ஒட்டி நோபிளகின்ஸ் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஒரே சொல்லாகத் தட்டுங்கள் (--noplugins). ஓகே கொடுத்துவிட்டுத் திறங்கள்.

திறந்துவிட்டதா? அப்படியானால் தொல்லை ஏதோ ஒரு பிளகினில்தான். பிளகின் பட்டியலில் கடைசியாக நீங்கள் சேர்த்ததை முதலில் அணைத்துவிட்டு, ஷார்ட்கட்டில் சேர்த்த சொல்லை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

ப்ராஜெக்ட் கோப்பு மீது சந்தேகம்

குளம் ப்ராஜெக்டை இருமுறை கிளிக் செய்து திறக்கும்போது மட்டும் தொங்குகிறதா? வெறும் கியூஜிஐஎஸ் ஒழுங்காகத் திறந்தால் மென்பொருளில் குறை இல்லை. இணையத்தில் இருந்து வரும் செயற்கைக்கோள் படமோ, கழற்றிவிட்ட பென் டிரைவில் இருந்த அடுக்கோ அந்த ப்ராஜெக்டில் இருக்கலாம். அமைப்புகளில், தொடங்கும்போது கடைசி ப்ராஜெக்டைத் திற என்று வைத்திருந்தாலும் இதே சிக்கல் வரும். அதை வரவேற்புப் பக்கம் என்று மாற்றிவிடுங்கள்.

ப்ரொஃபைலுக்குப் புதுப் பெயர்

நம் அமைப்புகளும் பிளகின்களும் தங்கிவிடும் என்று சொன்னேனே, அந்த ஃபோல்டர்தான் ப்ரொஃபைல். என் கணினியைக் காப்பாற்றியது இந்தப் படிதான். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் அமைப்புக் கோப்பு கெட்டுப்போகலாம்.

1. கியூஜிஐஎஸ்ஸை முழுக்க மூடுங்கள்.
2. விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் பெட்டியில் சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டி (%appdata%) என்டர் கொடுங்கள்.
3. திறக்கும் ஃபோல்டரில் கியூஜிஐஎஸ், அதற்குள் கியூஜிஐஎஸ்3, அதற்குள் ப்ரொஃபைல்ஸ் என்று போங்கள்.
4. அங்கே டிஃபால்ட் என்ற ஃபோல்டர் இருக்கும். தயவுசெய்து அழிக்காதீர்கள். பெயரை மட்டும் மாற்றுங்கள். நான் 'பழையது' என்று வைத்தேன்.

இப்போது கியூஜிஐஎஸ்ஸைத் தொடங்கினால் அது புதிய டிஃபால்ட் ஃபோல்டரைத் தானே உருவாக்கிக்கொள்ளும். என் கணினியில் ஒரு நிமிடத்துக்குள் திறந்துகொண்டது. பிளகின்களைப் பழைய ஃபோல்டரில் இருந்து நகலெடுக்காமல் புதிதாக நிறுவுவது நல்லது, இல்லையென்றால் கோளாறும் கூடவே வந்து சேரலாம்.

பைத்தான் பற்றிப் பிழை காட்டினால்

கல்லூரியில் பைத்தான் என்ற நிரல் மொழி படிக்கும் தம்பி தங்கைகள் உள்ள வீட்டுக் கணினியில் இதைக் கவனியுங்கள். கியூஜிஐஎஸ் தனக்கென்று ஒரு பைத்தானைக் கூடவே கொண்டுவரும். விண்டோஸின் என்விரான்மென்ட் வேரியபிள் பட்டியலில் பைத்தான்ஹோம், பைத்தான்பாத் என்று யாராவது வேறு பாதையைச் சேர்த்திருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். அங்கே இருக்கும் மதிப்பை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பிறகு நீக்கிப் பாருங்கள். மற்ற வேலைக்குத் தேவைப்பட்டால் திரும்பச் சேர்க்கலாம்.

ஜன்னல் திறந்து வெறும் கறுப்பாகத் தெரிந்தாலோ உடனே மூடிக்கொண்டாலோ, கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். இத்தனைக்கும் அசையாவிட்டால், சரி, அப்போது நீக்கிவிட்டு நிறுவுங்கள். புதிதாக நிறுவுபவர்கள் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள்.

திறந்த பிறகு ஒரு வேலை

ப்ரொஃபைல் புதிதானதால், நீங்கள் மாற்றி வைத்திருந்த ஆய முறையும் (இடங்களை எண்ணால் குறிக்கும் முறை) பழைய நிலைக்குப் போயிருக்கும். புதிய ப்ராஜெக்டின் வலது கீழ் மூலையில் 4326 என்று தெரிந்தால், அது டிகிரிக் கணக்கு. நம் மாவட்டம் கிழக்குத் தீர்க்கரேகை 77க்கும் 78க்கும் இடையில், மீட்டரில் கணக்கிடும் யூடிஎம் ஆய முறையின் 43 வடக்கு மண்டலத்தில் இருக்கிறது. அந்த எண்ணை அழுத்தி 32643ஐத் தேர்ந்தெடுங்கள். குளத்து அடுக்கையும் அதே எண்ணில் சேமித்துக்கொண்டு, கரையைச் சுற்றி 10 என்று பஃபர் (குறிப்பிட்ட தூரத்துக்குச் சுற்றிலும் வரையும் எல்லை) போடுங்கள். அது 10 மீட்டராகவே வரும்.