என்எஃப்எல் டிராஃப்ட்டில் 24 வயதுப் புதுமுகங்கள்: காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்எஃப்எல் என்பது அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்; அதன் அணிகள் கல்லூரி வீரர்களை முறைபோட்டுத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2024 ஏப்ரலில் நடந்த டிராஃப்ட்டில் முதல் 12 இடங்களுக்குள் ஆறு குவார்ட்டர்பேக்குகளை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்கள்) அணிகள் எடுத்துக்கொண்டன. டிரேக் மேய்க்கும் ஜே.ஜே. மெக்கார்த்திக்கும் அப்போது 21 வயது. கேலப் வில்லியம்ஸுக்கு 22, ஜேடன் டேனியல்ஸுக்கு 23, போ நிக்ஸுக்கு 24. மைக்கேல் பெனிக்ஸுக்கு இன்னும் 13 நாளில் 24 நிறைய இருந்தது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலிலிருந்து தொழில்முறை லீகுக்கு வருகிறவர்களின் வயது ஏறிக்கொண்டே போகிறது என்பதற்கு இந்தப் பட்டியலைத்தான் பலரும் காட்டுகிறார்கள். ஏறுவது உண்மைதான். ஏன் ஏறுகிறது என்று சொல்லும் இடத்தில்தான் கணக்கு தப்புகிறது.

முதலில் இரண்டு விதிகள். உயர்நிலைப் பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாமல் யாரும் டிராஃப்ட்டுக்கு வர முடியாது. ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுகிறவர்) மாரிஸ் கிளாரெட் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2004-இல் கீழ் நீதிமன்றத்தில் வென்று, மேல்முறையீட்டில் தோற்றார், விதி நிலைத்துவிட்டது. இரண்டாவது விதி கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவுடையது: கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆடலாம். ஆடாமல் பயிற்சி மட்டும் எடுக்கும் ஆண்டுக்கு ‘ரெட்ஷர்ட்’ என்று பெயர். 2018 முதல் நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்த ஆண்டை ரெட்ஷர்ட்டாக வைத்துக்கொள்ளலாம். 18 வயதில் சேர்ந்தவர் 21 வயதில் டிராஃப்ட்டுக்கு வரலாம். ஐந்து ஆண்டையும் பயன்படுத்தினால் 23 ஆகும். 24, 25 என்று ஒரு வயதைப் பார்த்தால் வழக்கமான கணக்கில் ஏதோ கூடியிருக்கிறது என்று பொருள். அது என்னவென்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் கோவிட் தலையில் கட்டுவது

இதுதான் அதிகம் நடக்கும் தவறு. 2020 சீசன் யாருடைய கணக்கிலும் சேராது என்று என்சிஏஏ அறிவித்தது. அதனால் எல்லோருக்கும் ஓராண்டு கூடுதலாகக் கிடைத்தது என்பது சரி. ஆனால் அந்த ஆண்டு யாருக்குப் பயன்பட்டது? நான்கு சீசனும் முடிந்து, வேறு வழியில்லாமல் வெளியேற வேண்டியிருந்த கடைசி ஆண்டு மாணவர்களுக்கு. காலம் மிச்சமிருக்கும்போதே கிளம்புகிற இளையவர்களை அது நிறுத்தவில்லை. 2021 ஜனவரியில் அந்தக் கூடுதல் ஆண்டு எல்லோர் கையிலும் இருந்தது. அப்படியும் 128 பேர் முன்கூட்டியே டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுத்தார்கள்.

அதே எண்ணிக்கை 2022-இல் 100, 2023-இல் 82, 2024-இல் 58 என்று இறங்கியது. நடுவில் மாறியது என்ன? 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. அதே ஆண்டு ஏப்ரலில், வேறு கல்லூரிக்கு ஒருமுறை மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியதில்லை என்ற விதியும் வந்திருந்தது. 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றும் ஆகிவிட்டது. ஆக, கோவிட் சலுகை மூத்தவர்களை மேலும் ஓராண்டு வைத்திருந்தது; பணமும், கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் இளையவர்களைப் போக விடாமல் பிடித்து வைத்தன. இரண்டின் விளைவும் டிராஃப்ட் வயது கூடுவதுதான் என்பதால் ஒன்றாகத் தெரிகின்றன. ஆனால் முதலாவது ஏற்கெனவே தீர்ந்துவருகிறது. 2020-இல் சேர்ந்தவருக்கு 2021 முதல் 2024 வரை நான்கு சீசன். ஒரு ரெட்ஷர்ட் ஆண்டையும் சேர்த்தால் 2025 சீசனோடு முடிகிறது. இரண்டாவதற்கு அப்படி முடிவுத் தேதி கிடையாது.

பணம்தான் காரணம் என்று மொட்டையாகச் சொல்வது

பணம் எல்லோரையும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. 2025 டிராஃப்ட்டில் முதலாவதாகப் போன கேம் வார்டின் நான்கு ஆண்டு ஒப்பந்தம் 4.8 கோடி டாலருக்கு மேல். அந்த இடத்தில் நிற்கிறவரைக் கல்லூரிப் பணம் கட்டி வைக்காது. நான்காம் சுற்றுக்குக் கீழே மதிப்பிடப்பட்டவர் நிலைமை வேறு. 2025-இல் புதுமுக வீரருக்கு என்எஃப்எல் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். அதுவும் 53 பேர் அணியில் சீசன் முழுக்க இருந்தால்தான். பயிற்சிக்காக வைத்திருக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடுக்குத் தள்ளப்பட்டால் வாரத்துக்கு 13,000 டாலர். 18 வாரத்துக்கு 2,34,000. பெரிய பல்கலைக்கழகத்தில் ஆட்டத்தைத் தொடங்கும் குவார்ட்டர்பேக்குக்கு ஓராண்டுக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டிக் கிடைக்கிறது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர் வரை பிரித்துக் கொடுக்கலாம். நடுச் சுற்றில் போகக்கூடியவர் தங்குவதில் வியப்பில்லை. டிராஃப்ட் வயதை உயர்த்துவதும் பெரும்பாலும் இந்த நடுப்பகுதிதான்.

கேம் வார்டின் கதையை இங்கே கவனிக்க வேண்டும். 2024 ஜனவரியில் டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுத்தார். அதே மாதம் பின்வாங்கி மயாமி பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஓராண்டு கழித்து முதல் தேர்வு. தங்கினால் மதிப்பு ஏறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் இதையே பொது விதியாக்கினால் அது அடுத்த தவறு. பென் ஸ்டேட் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் ட்ரூ ஆலரும் 2025 சீசனுக்குத் தங்கினார். அக்டோபர் 11 அன்று நார்த்வெஸ்டர்னுடன் ஆடும்போது கணுக்காலில் அடிபட்டு அவருக்கு சீசன் முடிந்துபோனது. மறுநாளே அவருடைய பயிற்சியாளரும் நீக்கப்பட்டார். தங்குவது என்பது உடம்பை இன்னொரு சீசன் பணயம் வைப்பது. யாருக்கு எவ்வளவு பணம் கிடைத்தது என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பேசுவதே இல்லை.

வகுப்பை வயதாக எடுத்துக்கொள்வது

‘ஜூனியர்’, ‘சீனியர்’ என்ற வகுப்புப் பெயர்களெல்லாம் மிச்சமிருக்கும் சீசனைச் சொல்கிறதே தவிர வயதைச் சொல்வதில்லை. பிறந்த தேதியிலிருந்து தொடங்குங்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் அவருக்கு என்ன வயது என்று பாருங்கள். பிறகு கல்லூரியில் சேர்ந்த ஆண்டு. 2020-க்கு முன்னா பின்னா என்பது முக்கியம். அதன் பின் ரெட்ஷர்ட் உண்டா, காயத்துக்காகக் கூடுதல் ஆண்டு கிடைத்ததா, ஈராண்டுக் கல்லூரியில் ஆடியிருக்கிறாரா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது இப்போது பெரிய விஷயம். ஈராண்டுக் கல்லூரியில் ஆடிய சீசனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வாண்டர்பில்ட் குவார்ட்டர்பேக் டியேகோ பாவியா வழக்குத் தொடுத்து 2024 டிசம்பரில் இடைக்கால உத்தரவு பெற்றார். அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் என்சிஏஏ அடுத்த ஆண்டுக்கு விலக்கு கொடுக்க வேண்டி வந்தது.

இந்த முறையில் 2024-இன் மூன்று மூத்த குவார்ட்டர்பேக்குகளைப் பாருங்கள். நிக்ஸும் டேனியல்ஸும் 2019 முதல் 2023 வரை ஐந்து சீசனும் களத்தில் நின்றவர்கள். கோவிட் ஆண்டை இருவரும் பயன்படுத்தினார்கள். நிக்ஸ் தொடங்கிய ஆட்டங்கள் 61, குவார்ட்டர்பேக்குகளில் அப்போது கல்லூரிச் சாதனை. பெனிக்ஸ் ஆறு ஆண்டு இருந்தார். ஆனால் இண்டியானாவில் இருந்த நான்கு ஆண்டும் காயத்தால்தான் அவருக்கு சீசன் முடிந்தது. முழங்கால் இருமுறை, தோள் இருமுறை. மூவருக்கும் வயது ஏறக்குறைய ஒன்று. முதல் இருவர் உடம்பில் ஐந்து ஆண்டு அனுபவம் இருக்கிறது, பெனிக்ஸ் உடம்பில் நான்கு காயங்கள் எழுப்பும் கேள்விகள் இருக்கின்றன. அணிகளின் மருத்துவர்கள் கேட்பதும் வயதை அல்ல, இதைத்தான்.

வயது கூடியவர் எல்லோரையும் இந்தப் புதுப் போக்கில் சேர்ப்பதும் தப்பு. பிராண்டன் வீடன் 2012-இல் 28 வயதில் முதல் சுற்றில் போனார்; முதலில் பேஸ்பாலுக்குப் போய்விட்டு அப்புறம் கல்லூரியில் சேர்ந்தவர். பிரிகாம் யங் பல்கலைக்கழக வீரர்கள் பலர் ஈராண்டு சமயப் பணிக்குப் போய் வருவதால் மூத்தவர்களாக இருப்பது காலங்காலமாக உள்ளது.

கடைசி சீசனை மட்டும் வைத்து மதிப்பிடுவது

24 வயதுக்காரர் எதிரே 19 வயதுப் பையன் நிற்கிறான். தோள் வலுவிலும் கால் வைப்பிலும் ஐந்து ஆண்டுப் பயிற்சி முந்தி நிற்கும். அதனால் ஒவ்வொரு சீசனுக்கும் செப்டம்பர் 1 அன்று அவர் வயது என்ன என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு, 20, 21 வயதில் எப்படி ஆடினார் என்பதை முதலில் பாருங்கள். வயது ஏறிய பிறகு மட்டும் எண்கள் துள்ளியிருந்தால் காரணம் தேட வேண்டும். காரணம் வயதாகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை. குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ எல்எஸ்யூவில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 2018-இல் 16 டச்டவுன் பாஸ் எறிந்தார், 2019-இல் 60. அந்த ஆண்டு தாக்குதல் முறையே மாற்றியமைக்கப்பட்டது. பந்தைப் பிடிக்க ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் இருந்தார்கள். 2020-இல் 23 வயதில் முதல் தேர்வாகப் போனவர் லீகிலும் நின்று காட்டினார்.

இரண்டாவது ஒப்பந்தத்தை மறப்பது

தங்குவதற்கான உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. 2011-இல் வீரர் சங்கத்துடன் போட்ட உடன்பாட்டின்படி டிராஃப்ட்டில் வந்தவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். தொகை எடுக்கப்பட்ட இடத்தைப் பொறுத்துக் கிட்டத்தட்ட நிர்ணயமானது. மூன்று சீசன் முடியும்வரை புது ஒப்பந்தம் பேசவே முடியாது. முதல் சுற்று வீரரை ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. 2024-இல் வந்த மேயும் பெனிக்ஸும் அந்த ஐந்து ஆண்டையும் ஆடி முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2029 பிப்ரவரியில் ஒருவருக்கு 26, மற்றவருக்கு 28. குவார்ட்டர்பேக்குக்கு இது தாங்கும். 35 தாண்டியும் ஆடுகிறார்கள். ரன்னிங் பேக்குக்குத் தாங்காது. 24 வயதில் வந்தால் முதல் ஒப்பந்தம் முடியும்போது 28. அந்த இடத்துக்குப் பெரிய தொகை கொடுக்க அணிகள் தயங்கத் தொடங்கும் வயதும் அதுதான். கல்லூரியில் கூடுதலாக வாங்கிய ஓராண்டுப் பணத்தையும், பின்னால் இழக்கப்போகும் ஒரு நல்ல ஆண்டின் சம்பளத்தையும் அருகருகே வைக்காமல் ‘தங்கியது லாபம்’ என்று சொல்லக் கூடாது.

பந்தை உதைத்து எதிரணியிடம் தள்ளும் பன்ட்டர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிட்ச் விஷ்னவுஸ்கியை 2019-இல் 27 வயதில் சான் ஃபிரான்சிஸ்கோ நான்காம் சுற்றிலேயே எடுத்தது. உதைக்கும் காலுக்கு ரன்னிங் பேக்கின் முழங்காலைப் போல அடி விழுவதில்லை.