முதல் குறும்படம்: கேமராவில் 25, டைம்லைனிலும் 25

கல்லூரியில் முதல் குறும்படம் எடுத்தபோது, வகுப்பறைக் காட்சியை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் சுவரெல்லாம் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. "எடிட்டிங்ல பாத்துக்கலாம்டா" என்றான் நண்பன். இரண்டு ராத்திரி பார்த்தோம், போகவில்லை. ஆகவே எடிட்டிங் பாடத்தைக் கேமராவிலிருந்தே தொடங்குகிறேன்.

1. கேமராவை ஆட்டோவிலிருந்து எடுங்கள்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரிந்துவிடும். ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) 25, ஷட்டர் 1/50 நொடி என்று வைத்தால், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் விளக்கு சரியாக இரண்டு முறை மங்கி எரிந்துவிடும். எல்லா ஃபிரேமிலும் ஒரே வெளிச்சம், பட்டை வராது. எங்கள் கேமராவில் இருந்தது 1/80.

ஐபோனில் கேமரா செட்டிங்ஸில் பால் (PAL) ஃபார்மட்டை ஆன் செய்தால் 25 கிடைக்கும். ஷட்டரையும் கையில் வைத்துக்கொள்ள பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் இருக்கிறது. வெயிலில் 1/50 வெளுத்துப்போகும். வெளிச்சத்துக்கான உணர்திறனான ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். போதவில்லையா, லென்ஸ் முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் மர நிழலுக்குப் போய்விடுங்கள். ஷாட்டுக்கு நடுவே நிறம் மாறாமல் இருக்க ஒயிட் பேலன்ஸையும் லாக் செய்துவிடுங்கள்.

2. ஃபேனை நிறுத்துங்கள்

வியர்க்கும், பரவாயில்லை. காலர் மைக் இல்லையென்றால் இன்னொரு போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ரெக்கார்டரை ஓடவிட்டு நடிகரின் சட்டைப்பையில் வையுங்கள். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கேமரா முன்னால் ஒரு கைதட்டல். கிளம்பும் முன் யாரும் பேசாமல் 30 நொடி அறையின் சத்தத்தை மட்டும் பதிவுசெய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டைகளை அடைக்க உதவும்.

3. கார்டை இரண்டு இடத்தில் காப்பி செய்யுங்கள்

அதுவரை ஃபார்மட் பட்டனைத் தொடாதீர்கள்.

4. டாவின்சி ரிசால்வைத் திறங்கள்

இது எடிட்டிங் மென்பொருள். இலவசப் பதிப்பே மாணவருக்குத் தாராளம். பழைய லேப்டாப்பில் மட்டும் கொஞ்சம் முனகும். புது ப்ராஜெக்ட் திறந்ததும், கிளிப் எதையும் உள்ளே கொண்டுவரும் முன், வலது கீழ்மூலையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தி டைம்லைன் (கிளிப்களை வரிசையாக அடுக்கும் இடம்) ஃபிரேம் ரேட்டை 25 ஆக்குங்கள். கிளிப் வந்த பிறகு அந்த எண் பூட்டிக்கொள்ளும்.

அப்புறம் வீடியோவையும் ஆடியோவையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் ஆட்டோ சிங்க் ஆடியோ, அதில் வேவ்ஃபார்ம் (ஒலி அலை). படமும் சத்தமும் தானாகப் பொருந்திவிடும். சொதப்பினால் அந்தக் கைதட்டலின் கூர்முனையை வைத்து நீங்களே பொருத்திவிடலாம்.

கீபோர்டில் வெட்டுவதற்கு பி, மறுபடி அம்புக்குறிக்கு ஏ. ஓட்டிப் பார்க்க ஜே, கே, எல். முதல் வாரத்துக்கு இவை போதும். ஒருவர் நாற்காலியில் உட்காருகிறார் என்று வையுங்கள். தூர ஷாட்டை அவர் உட்கார்ந்து முடித்தபின் வெட்டினால் துண்டு துண்டாகத் தெரியும். இடுப்பு வளையத் தொடங்கும் ஃபிரேமில் வெட்டி, மீதி அசைவைக் க்ளோசப்பில் முடியுங்கள். பார்ப்பவரின் கண் அசைவின் பின்னால் போய்விடும், வெட்டு தெரியாது. டிரான்சிஷன் எஃபெக்ட் பக்கமே போகவேண்டாம் என்பது என் கட்சி.

5. டெலிவர்

படத்தைச் சுருக்கும் முறை எச்.264, அளவு 1920×1080, ஃபைல் வகை எம்பி4. ரெண்டர் ஆனதும் (முழுப்படம் ஒரே ஃபைலாக வந்ததும்) போன் ஸ்பீக்கரில் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். வசனம் புரியவில்லையென்றால் பின்னணி இசையைக் குறைத்துவிட்டு மறுபடி ரெண்டர்.