ஸ்குவாட்டில் இடுப்பு வலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்குவாட்டில் இறங்கும்போது தொடை இடுக்கின் முன்பக்கம் சுருக்கென்று வலித்தால், பலரும் அதைத் தசை இறுக்கம் என்று எண்ணி, இன்னும் ஆழமாக இறங்கிப் பழகினால் சரியாகிவிடும் என நம்புகிறார்கள். எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். இந்த வலிக்கு ஹிப் இம்பின்ஜ்மென்ட், அதாவது இடுப்பு மூட்டில் எலும்புகள் முட்டிக்கொள்ளும் கோளாறு, காரணமாக இருக்கலாம். அது உள்ளவர்களுக்குத் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் எலும்பு சற்றுப் புடைத்திருக்கும், அல்லது இடுப்புக் குழியின் விளிம்பு அளவுக்கு மீறி நீண்டிருக்கும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். இடுப்பு நன்றாக மடங்கும்போது இவை ஒன்றோடொன்று முட்டி, இடையிலுள்ள லேப்ரம் என்னும் குருத்தெலும்பு வளையத்தை நசுக்குகின்றன. எலும்பு முட்டும் இடத்தில் பயிற்சியால் புதிதாக இடம் உண்டாகாது.

இதே காரணத்தால், முழங்காலை மார்போடு இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சும் பயன் தருவதில்லை. வலியை உண்டாக்கும் அதே நிலைக்குத்தான் அது மூட்டைக் கொண்டுபோகிறது.

நெஞ்சை நிமிர்த்த வேண்டும் என்பதற்காகக் கீழ்முதுகை மிகையாக வளைப்பது அவ்வளவாகக் கவனிக்கப்படாத தவறு. இடுப்பெலும்பு முன்னோக்கிச் சாயச் சாய, குழியின் முன்விளிம்பு தொடை எலும்பை நெருங்கிவிடுவதால், பாதி தூரம் இறங்குவதற்குள்ளேயே முட்டல் தொடங்கிவிடுகிறது. முழங்கால்கள் உள்நோக்கிச் சரிந்தாலும், பாதங்களை நெருக்கி நேராக வைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாலும் இதே நெருக்கடிதான். எல்லோருக்கும் ஒரே நிற்கும் முறை என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவது, என் பார்வையில், நியாயமே இல்லை. பாதங்களைத் தோள் அகலத்தைவிடச் சற்று அகட்டி, விரல்களை வெளிப்பக்கம் திருப்பி, பின்னால் ஒரு ஸ்டூலை வைத்து, அதில் உட்காரப்போவதுபோல் மெதுவாக இறங்கிப் பாருங்கள். வலி தொடங்கும் இடத்திற்குச் சற்று மேலேயே நிற்கும்படி ஸ்டூலின் உயரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அதுவே இப்போதைக்கு உங்கள் ஆழம். ஜிம்மில் இதைக் கடைப்பிடித்துவிட்டு, வீட்டில் நெடுநேரம் குத்தவைத்து உட்கார்ந்தால் மூட்டுக்கு ஓய்வு கிடைக்காது.

எக்ஸ்ரேயில் புடைப்பு தெரிந்த உடனே அறுவை சிகிச்சையை எண்ணி அஞ்சுவதும் தவறு. வலியே இல்லாத பலருக்கும் அத்தகைய புடைப்பு இருக்கிறது. இந்தக் கோளாறு குறித்துப் பன்னாட்டு வல்லுநர்கள் சேர்ந்து 2016இல் வெளியிட்ட வார்விக் உடன்பாட்டின்படி, நோயாளி சொல்லும் தொந்தரவு, மருத்துவர் கையால் செய்யும் பரிசோதனை, ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே ஆகிய மூன்றும் ஒத்துவந்தால்தான் இதை நோயாகக் கொள்ள வேண்டும். அஞ்சி எல்லாப் பயிற்சியையும் நிறுத்திவிட்டால் புட்டத் தசைகள் வலுவிழக்கும். ஆகவே வலிக்காத பயிற்சிகளைத் தொடரலாம். மூட்டு பிடித்துக்கொண்டு நகர மறுத்தாலோ, நடை நொண்டினாலோ, இரவில் வலி தூக்கத்தைக் கெடுத்தாலோ, எலும்பு மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.